விறகு ஸ்டவ் வெச்சா ஹீட்டிங் பில் குறையுமா? போட்டுப் பார்த்த கணக்கு



வெளிநாட்டுல முதல் வீடு வாங்கறது பத்தி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்கு அப்புறம் இங்கிலாந்துல வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "குளிர்காலத்துல ஹீட்டிங் பில் தாங்க முடியல. ஹால்ல ஒரு விறகு ஸ்டவ் வெச்சுட்டா மிச்சம் பிடிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கேன், என் சித்தி பையனுக்காக. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். சென்னையிலயோ கோவையிலயோ இருக்கிறவங்களுக்கு ஸ்டவ் தேவைப்படாது. ஆனா "இது செலவு இல்லை, சேமிப்பு"ன்னு யாராவது ஒரு பொருளை விற்க வரும்போது என்ன கேட்கணும்னு தெரியும். அதனால முழுசாப் படிங்க.

அந்த ஜனவரி ராத்திரி

தம்பி வடக்கு இங்கிலாந்துல ஐ.டி. வேலையில இருக்கான். பழைய கல் வீடு ஒண்ணு வாங்கினான். ஹால்ல முந்தைய ஓனர் விட்டுட்டுப் போன 8 கிலோவாட் விறகு ஸ்டவ் இருந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட, கடையில 160 பவுண்டுக்கு விற்கிற அளவு விறகை 90 பவுண்டுக்கு வாங்கிப் போட்டான்.

எரிக்க ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே கண்ணாடிக் கதவு கறுப்பாயிடுச்சு. தீ பிடிக்குது, ஆனா சூடு இல்லை. ராத்திரி முழுக்கக் கணப்பு இருக்கட்டும்னு, படுக்கப் போகும்போது விறகை நிறைய அடுக்கி, காற்று வர்ற வழியை மொத்தமா மூடிட்டுப் போவான். நம்ம பாட்டிமார் அடுப்புத் தணலைச் சாம்பல் போட்டு மூடி வைப்பாங்க இல்லையா, அதே நினைப்பு.

ஜனவரியில ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறிடுச்சு. அவன் மனைவிக்குச் சாயங்காலத்துல இருந்தே தலைவலி. சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டு மாத்திரை போட்டுப் படுத்திருக்காங்க. மூணு வயசுக் குழந்தையைப் போர்வையோட தூக்கிக்கிட்டு வெளியே ஓடி, காருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுதான் உதவிக்கு போன் பண்ணினாங்க. யாருக்கும் எதுவும் ஆகல. மறுநாள் சிம்னி சுத்தம் பண்ண வந்தவர் உள்ளே இருந்து தார் மாதிரி கெட்டியான கரியைச் சுரண்டி எடுத்தார். புகை போற பாதை பாதிக்கு மேல அடைச்சிருந்தது.

அந்த அலாரம் போன மாசம் பேட்டரி தீர்ந்து கீச் கீச்னு கத்திக்கிட்டு இருந்ததாம். "கழட்டி வெச்சிடலாம்னு பார்த்தேன் அண்ணா, அப்புறம் பேட்டரி மாத்தினேன்"னு சொன்னான். எனக்கு அந்த ஒரு வரியை இப்பவும் மறக்க முடியல.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போன். "அண்ணா, பழைய ஸ்டவ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. புதுசுக்கு கொட்டேஷன் வாங்கிட்டேன். ஸ்டவ் 1,200, சிம்னிக்குள்ள லைனர், வேலைக்கூலி எல்லாம் 1,900. மொத்தம் 3,100 பவுண்டு. 24 மாசத் தவணை, வட்டி இல்லை. கேஸ் பில் குறையுமே, அதுலயே தவணை கட்டிடலாம்." நம்ம ரூபாய்ல மூணு லட்சத்துக்கு மேல. "இரு, கணக்குப் போட்டுப் பார்ப்போம்"னேன்.

ஒரு யூனிட் சூடு எவ்வளவு விலை?

நம்ம ஊர் இ.பி. பில்லுல ஒரு யூனிட்னு போடுறது ஒரு கிலோவாட் அவர். கேஸ், கரண்ட், விறகு எதுவா இருந்தாலும் இந்த ஒரே அளவுக்கு மாத்திட்டா ஒப்பிட முடியும். அதுவும் வாங்குற யூனிட் இல்லை, அறைக்குள்ள வந்து சேர்ற யூனிட். மீதி சிம்னி வழியாப் போயிடும்.

நல்லாக் காய்ஞ்ச விறகு, அதாவது ஈரம் 20 சதவீதம் இருக்கிறது, கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் சூடு தரும். நல்ல நவீன ஸ்டவ் அதுல 75 சதவீதத்தை அறைக்குள்ள கொடுக்கும். கதவே இல்லாத பழைய திறந்த கணப்புன்னா கால்வாசி வந்தாலே பெரிசு. மீதி மேலே போயிடும், கூடவே அறையில இருக்கிற சூடான காத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

தம்பி ஊர்ல ஒரு கன மீட்டர் காய்ஞ்ச விறகு 160 பவுண்டு. அள்ளிக் கொட்டின விறகுங்கிறதால இடையில காத்து நிறைய. எடை சுமார் 320 கிலோன்னு வெச்சுக்கிட்டோம்.

- 320 கிலோ × 4 = 1,280 யூனிட்
- அதுல 75 சதவீதம் = 960 யூனிட்
- 160 பவுண்டு ÷ 960 = யூனிட்டுக்கு 16.7 பென்ஸ்

இப்போ மத்ததை எல்லாம் அவன் பில்லுல இருந்த ரேட் வெச்சுப் பார்ப்போம்:

- கேஸ் 6.5 பென்ஸ். பாய்லர் 90 சதவீதம் வேலை செய்யுதுன்னா, அறைக்கு வர்ற யூனிட் 7.2 பென்ஸ்
- ஹீட் பம்ப்: கரண்ட் 26 பென்ஸ், ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு தருதுன்னா 8.7 பென்ஸ்
- சாதாரண கரண்ட் ஹீட்டர்: 26 பென்ஸ்

காசு கொடுத்து வாங்குற விறகு, கரண்ட் ஹீட்டரை விட மலிவு. ஆனா கேஸை விட ரெண்டு மடங்குக்கு மேல விலை. தம்பி வீட்டுல இருக்கிறது கேஸ்!

போட்ட காசு எப்போ திரும்பும்?

ஒரு குளிர்காலத்துக்கு 120 நாள், தினமும் சாயங்காலம் 4 மணி நேரம், 4 கிலோவாட் சூடு. மொத்தம் 1,920 யூனிட். இதுக்கு ரெண்டு கன மீட்டர் விறகு, அதாவது 320 பவுண்டு. சிம்னி சுத்தம் பண்ண வருஷம் 70 பவுண்டு. ஆக 390. இதே சூடு கேஸ்ல 139 பவுண்டு, கரண்ட் ஹீட்டர்ல 499 பவுண்டு.

- கேஸ் வீடு, விறகு வாங்கினா: வருஷம் 251 பவுண்டு நஷ்டம். போட்ட 3,100 திரும்பவே திரும்பாது.
- கேஸ் வீடு, விறகு இலவசமாக் கிடைச்சா: வருஷம் 69 பவுண்டு மிச்சம். 3,100 திரும்ப 45 வருஷம்.
- கரண்ட் ஹீட்டர் வீடு, விறகு வாங்கினா: வருஷம் 109 மிச்சம். 28 வருஷம்.
- கரண்ட் ஹீட்டர் வீடு, விறகு இலவசம்: வருஷம் 429 மிச்சம். ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல.

கேஸ் லைன் இல்லாத கிராமம், சொந்தமா மரம் இருக்கு, வெட்டிப் பிளக்க உடம்புல தெம்பும் இருக்குன்னா மட்டும்தான் இது முதலீடு.

தம்பி விடல. "அண்ணா, கேஸ்னா வீடு முழுக்க சூடாகும். ஸ்டவ்னா ஹால் மட்டும்தானே? அது மிச்சம் இல்லையா?" நியாயமான கேள்வி. ஆனா அந்த மிச்சம் ஸ்டவ்வால வர்றது இல்லை, ஒரே அறையைச் சூடாக்குறதால வர்றது. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தனி வால்வு இருக்கு. ஆள் இல்லாத அறைகள்ல அதைக் குறைச்சு வெச்சா அதே மிச்சம் வரும், 3,100 செலவு இல்லாம.

உங்க ஊர் ரேட் வேற இருக்கும். பில்லை எடுத்து, இந்த எண்களை மாத்திப் போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

90 பவுண்டு விறகு ஏன் 160 பவுண்டு விறகை விடக் காஸ்ட்லி?

பச்சை விறகோட கஷ்டம் நம்ம வீடுகள்ல புதுசு இல்லை. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிஞ்ச கதையைப் பாட்டிகிட்ட கேட்டிருப்பீங்க. அப்போ வெட்டின மரத்துல எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி. அப்படிப்பட்ட விறகு கிலோவுக்கு ரெண்டேகால் யூனிட் சூடுதான் தரும். காய்ஞ்சதுல நாலு. எடை போட்டு வாங்கினா தண்ணிக்குக் காசு கொடுக்கிறோம்.

தம்பி எடை போட்டு வாங்கல, மூட்டைக் கணக்குல வாங்கினான். அப்போ நஷ்டம் இல்லையான்னா, அங்கேதான் பெரிய நஷ்டம். விறகு கட்டையா எரியறது குறைவு. சூட்டுல அதுல இருந்து வாயு கிளம்பி, அந்த வாயுதான் பெரும்பாலும் எரியுது. ஈர விறகுல தீயோட சூடு தண்ணியைக் கொதிக்க வைக்கவே போயிடும். வாயு எரியற அளவுக்கு உள்ளே சூடு ஏறாது. எரியாத வாயுதான் புகை. அது சிம்னியில ஏறி, குளிர்ந்து, தார் மாதிரி ஒட்டிக்கும். கிரியோசோட்னு பேர். அதுவே ஒருநாள் தீப்பிடிச்சா சிம்னி தீ. பாதையை அடைச்சா, தம்பி வீட்டு ஜனவரி ராத்திரி.

இங்கிலாந்துல 2021 மே மாசத்துல இருந்து, ரெண்டு கன மீட்டருக்குக் குறைவா விறகு விற்றா ஈரம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சட்டம். "ரெடி டு பர்ன்" முத்திரையைப் பார்த்து வாங்குங்க. மொத்தமா வாங்கினா காய வைக்கிறது நம்ம பொறுப்பு. பிளந்து, தரையில படாம, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டுல காத்தோட விடணும். ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். ஈரம் பார்க்கிற சின்ன மீட்டர் கடையில கிடைக்குது. கட்டையோட வெளிப்பக்கம் குத்திப் பார்க்காதீங்க. பிளந்து, உள்பக்கத்துல குத்திப் பாருங்க.

பெரிய ஸ்டவ் நல்ல ஸ்டவ் இல்லை

சம்பளம் ஏறினதும் பெரிய கார், பெரிய டிவின்னு போவோம் இல்லையா, ஸ்டவ்லயும் அதே ஆசை வரும். அங்கே பரவலா ஒரு தோராயக் கணக்கு சொல்றாங்க. அறையோட நீளம், அகலம், உயரம் மூணையும் மீட்டர்ல பெருக்கி, 14 ஆல வகுத்தா தேவையான கிலோவாட்.

தம்பி ஹால்: 4.5 × 4 × 2.4 = 43.2. வகுத்தா 3.1 கிலோவாட். இருந்தது 8 கிலோவாட்! முழுசா எரிச்சா அறையில இருக்க முடியாது. அதனால காத்தை மூடுறோம். மூடினா புகைஞ்சு கரி படியுது. அவன் செஞ்ச தப்புக்குப் பாதிக் காரணம் ஸ்டவ் சைஸ்தான். வீட்டோட சுவர், ஜன்னலைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். அதனால கடைசி முடிவை நேர்ல வந்து பார்க்கிற நிபுணர்கிட்ட விடுங்க.

இன்னொண்ணு. 5 கிலோவாட்டுக்கு மேல போனா சுவர்ல நிரந்தரக் காற்றுத் துளை போடணும்னு கட்டட விதி. காசு கொடுத்துச் சூடாக்குற அறைக்குள்ள குளிர் காத்து வர நாமே ஓட்டை போடுறோம். காத்து புகாம கட்டின புது வீடுன்னா சின்ன ஸ்டவ்வுக்கும் அது தேவைப்படும்.

பேப்பர் வேலை: சி.ஏ. பேச்சைக் கேளுங்க

1952 டிசம்பர்ல லண்டன்ல நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து சில நாள் நகரமே இருண்டுபோச்சு. ஆயிரக்கணக்கானவங்க செத்துப் போனாங்க. அதுக்கு அப்புறம் 1956ல தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்னைக்கும் பல நகரங்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள். அங்கே விறகு எரிக்க டெஃப்ரா விலக்கு பெற்ற ஸ்டவ் வேணும். சிம்னியில புகை விட்டா இங்கிலாந்துல 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். உங்க வீடு அந்தப் பகுதியில வருதான்னு கவுன்சில் இணையதளத்துல முதல்ல பாருங்க.

ஹெட்டாஸ் மாதிரி அமைப்புல பதிவு பண்ணின ஆள் பொருத்தினா அவரே சான்றிதழ் கொடுத்திடுவார். இல்லைன்னா கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவிச்சு அனுமதி வாங்கணும். அந்தச் சான்றிதழையும், சிம்னி சுத்தம் பண்ணின ரசீதுகளையும் வீட்டுப் பத்திரத்தோட வெச்சுக்கோங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க. நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குறவரோட வக்கீல் கேட்பார்.

ஏற்கெனவே ஸ்டவ் இருக்கா? இதை மட்டும் பண்ணுங்க

- வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிம்னியைச் சுத்தம் பண்ணுங்க. விறகு நிறைய எரிச்சா ரெண்டு தடவை.
- ஸ்டவ் இருக்கிற அறையில கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். இந்த வாயுவுக்கு நிறம், வாசனை இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தா சளின்னு நினைக்காதீங்க. அலாரம் அடிச்சா எல்லாரும் வெளியே போயிட்டு அப்புறம் போன் பண்ணுங்க.
- பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, சிராயை மேலே வெச்சு, மேலே இருந்து பத்த வையுங்க. கிளம்புற வாயு தீ வழியாப் போய் எரிஞ்சிடும். புகை குறையும்.
- சாம்பலை ஒரு படுகை அளவு விட்டு வையுங்க. விறகு அது மேல நல்லா எரியும்.
- கொஞ்சம் கொஞ்சமா விறகு போட்டு, தெளிவான தீயா எரிய விடுங்க. ராத்திரிக்கு அடைச்சு மூடி வைக்காதீங்க.
- கண்ணாடி கறுத்தா, விறகு ஈரம் இல்லைன்னா காத்து பத்தலைன்னு அர்த்தம்.
- பெயின்ட் அடிச்ச பலகை, பழைய மேஜை, பிளைவுட் எதையும் எரிக்காதீங்க.
- சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில வெளியே வையுங்க. ஒரு நாள் கழிச்சும் உள்ளே கங்கு இருக்கும்.

பில்லுல வராத செலவும் ஒண்ணு இருக்கு. எவ்வளவு நல்ல புது ஸ்டவ்வா இருந்தாலும், கேஸ் பாய்லரை விடப் பல மடங்கு நுண்துகளைக் காத்துல விடும். வீட்டுல ஆஸ்துமா இருக்கிறவங்க, கைக்குழந்தை, வயசானவங்க இருந்தா இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம்னு சொல்லிடலாம். பக்கத்து வீட்டுக்காரங்களையும் நினைக்கணும்.

அப்போ வாங்கவே கூடாதா?

கணக்கை எல்லாம் கேட்டுட்டு தம்பி அமைதியாயிட்டான். அப்புறம் அவன் மனைவி போனை வாங்கிப் பேசினாங்க. "கணக்கு சரிதாங்க. ஆனா நாலு மணிக்கே இருட்டிடும். வெளியே மழை. அந்தத் தீ முன்னாடி உட்கார்ந்து குழந்தைக்குக் கதை சொல்றது எனக்குப் பிடிச்சிருந்தது. அதுக்கு உங்க கணக்குல இடம் இருக்கா?"

இருக்கு. ஆனா வேற தலைப்புல. டூர் போறோம், நகை வாங்குறோம், நல்ல ஹோட்டல்ல சாப்பிடுறோம். அதுக்கெல்லாம் எத்தனை வருஷத்துல காசு திரும்பும்னு யாரும் கேட்கிறதில்லை. ஸ்டவ்வும் அப்படி ஒரு ஆசைச் செலவா இருக்கலாம். தப்பே இல்லை. ஆசைக்கு வாங்குறதைச் சேமிப்புன்னு பேர் எழுதி, அவசர நிதியைக் கரைச்சோ தவணையிலோ வாங்கினாதான் தப்பு. நான் தணிக்கை பண்ணின கம்பெனிகள்லயும் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். செலவைத் தப்பான தலைப்புல எழுதுவாங்க.

கடைசியில அவங்க எடுத்த முடிவு இது. பழைய ஸ்டவ்வுல இனி தீ மூட்டுறதில்லை. பரண்ல இன்சுலேஷன் போட்டு, கதவு ஜன்னல் இடுக்கை அடைச்சாங்க. அதுக்கு ஆன சின்னச் செலவு, கேஸ் பில்லுலயே தெரிய ஆரம்பிச்சிருக்கு. 24 மாசத் தவணைக்குப் பதிலா, 24 மாசம் 130 பவுண்டு தனிக் கணக்குல போடுறாங்க. 3,120 சேர்ந்திடும். அப்போவும் ஆசை இருந்தா 5 கிலோவாட்டுக்குள்ள ஒரு சின்ன ஸ்டவ். ஆசை போயிட்டா பணம் கையில.

மீதியிருந்த ஈர விறகை என்ன பண்ணின்னு கேட்டேன். பிளந்து, தோட்டத்து ஷெட் ஓரமா அடுக்கி வெச்சிருக்கானாம். "ரெண்டு வருஷம் ஆகும் அண்ணா, காயட்டும்"னான்.

விறகு காயற நேரத்துல பணமும் சேர்ந்திடும். அதுக்கு முன்னாடி எதையும் பத்த வைக்க வேண்டாம்.

உங்க வீட்டு பில் ரேட்டைப் போட்டுப் பார்த்து, யூனிட்டுக்கு எவ்வளவு வந்ததுன்னு எழுதுங்க. அடுத்த வீடியோவுல அதை வெச்சே பேசலாம். அப்புறம், இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் அலாரத்துல பேட்டரி இருக்கான்னு ஒரு தடவை அழுத்திப் பார்த்திடுங்க.